துணி சுற்றிய கோடாலி

அந்த அம்மாள் கோடாலியோடு வந்தது என்னை வெட்டுவதற்குத்தான் என்று நான்கு நிமிடம் முழுசாக நம்பினேன். துருக்கியில் ஒரு பைன் மரக்காடு, காலைப் பதினொரு மணி, பேண்ட் ஜிப் பாதியில் நிற்கிறது. அந்த நேரத்தில் பெண்டாட்டி பிள்ளையை நினைத்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். நான் நினைத்தது வேறு. என் உடம்பைக் கொரட்டூருக்கு அனுப்பும் தாளில், சாவுக்குக் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதற்காக அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் மரப்பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். வெளிநாட்டுக்குப் போகும் எந்திரங்களை அடைக்கிற பெட்டி. பலகைக்குள் பூச்சி இருந்தால் அங்கே இறக்க விடமாட்டார்கள். அதனால் பலகையை ஓர் இரும்பு அறைக்குள் அடுக்கிச் சூடேற்றுவோம். சேம்பர் என்று பெயர். பழைய சேம்பர் மண்டையைப் போட்டதும், முதலாளி துருக்கியில் ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். கப்பலேறுமுன் அதை ஓட்டிப் பார்த்து வருவது என் வேலை.

புதியது பழையதைவிடப் பெரிசு. அதை வைக்க இடம் பார்த்துச் சொன்னவனும் நான்தான். கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துவிட்டால் கச்சிதமாக உட்காரும் என்று படம் வரைந்து கொடுத்தேன். கம்பெனி வருவதற்கு முன்பே நின்ற மரம் அது. கொரட்டூர் ஏரியில் மீன் பிடிக்கும் கொக்கும் வக்காவும் அதில்தான் குடித்தனம் நடத்துகின்றன. என் ஸ்கூட்டர் நிற்பதும் அதே மரத்தடியில். தினமும் சாயங்காலம் சீட்டில் வெள்ளையடித்திருக்கும். மூன்று வருஷப் பகை. பின்பக்கம் ஸ்க்ராப் கொட்டகை இருக்கும் இடத்தையும் டேப் பிடித்து அளந்து பார்த்திருந்தேன். அங்கேயும் சரியாகத்தான் வந்தது. அதை நான் படத்தில் காட்டவில்லை. மரம் எடுக்க அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தில் கூடுகளைப் பற்றியும் எழுதவில்லை. அனுமதி வந்துவிட்டது.

முதல் நாள், மலையடிவாரத்துச் சிறுநகரம் ஒன்றில் இறங்கினேன். சேம்பர் செய்யும் பட்டறையிலிருந்து கெமால் என்கிற முப்பது வயது எஞ்சினீயர் வந்திருந்தார். நான்கு நாளும் அவர்தான் எனக்கு வாய், காது எல்லாம். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரத்தில் இருந்ததால் சண்டை வரவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு மேசை நிறையத் தட்டு வைத்தார்கள். ஆலிவ் காய், பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய், தக்காளி, தேன், ரொட்டி. எதிலும் சூடு இல்லை. இட்லி எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி நான் அடுப்பங்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பார்வையில் கை தவறி ஒரு ரொட்டித் துண்டு கீழே விழுந்தது. காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் கெமால் குனிந்து எடுத்தார். உதட்டில் வைத்தார், நெற்றியில் தொட்டுக்கொண்டார், யார் காலும் படாத உயரத்தில் ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்தார்.

"பறவை சாப்பிடும்," என்றார்.

நாம் காகிதத்தை மிதித்துவிட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லையா, அதே அவசரம், அதே முகம். ஆனால் சோற்றுக்கு நான் அப்படிச் செய்ததில்லை. எங்கள் கேன்டீன் தொட்டியில் மத்தியானம் விழுகிற சோற்றை எண்ணிப் பார்த்து, மிச்ச ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன். பையில் பருப்புப்பொடி இருந்தது. தேனோடு சேரவில்லை.

இரண்டாம் நாள் சேம்பரை ஓட்டினோம். நன்றாகவே ஓடியது. குறை சொல்ல வந்தவனுக்கு அதைவிட ஏமாற்றம் வேறு இல்லை. சாயங்காலம் கெமால் ஊர் சுற்றிக் காட்டினார். தெருமுனையில் கல்லால் கட்டிய பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று. மனிதர்களுக்குக் குழாய், கீழே ஆடு மாட்டுக்குத் தொட்டி, மேலே மாடத்தில் பறவைகளுக்கென்று உள்ளங்கையளவு ஒரு குழி. கட்டியவர் யாரோ, மூன்று பேரையும் நினைத்திருக்கிறார்.

தொட்டியோரம் உட்கார்ந்து பாலில்லாத டீயைக் குடித்தபடி கெமால் தன் முன்னோர் கதையைச் சொன்னார். வடக்கே வெகுதூரத்துப் புல்வெளிகளில் குதிரையும் கூடாரமுமாக அலைந்தவர்கள். ஆகாயத்தைத் தெங்ரி என்று கும்பிட்டார்களாம். மண்ணையும் தண்ணீரையும் ஒரே சொல்லாக்கி யெர்-சு என்றார்களாம். மலைக்கு ஓர் உடையவர், ஊற்றுக்கு ஓர் உடையவர், மரத்துக்கு ஓர் உடையவர். மனிதன் எல்லா இடத்திலும் விருந்தாளி. ஓடுகிற தண்ணீரில் கை கழுவக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. மொண்டுகொண்டு தள்ளிப்போய்த்தான் கழுவ வேண்டும். பிறகு மதம் மாறியது, நாடு மாறியது. "ஆனால் மலையில் இருப்பவர்களிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது," என்றார்.

"எங்கள் ஊரிலும் ஆறு தெய்வம்தான்," என்றேன். பொய்யில்லை. அந்தத் தெய்வத்தின் தலையில் நாம் பழைய வேட்டியை அவிழ்த்துவிட்டு வருவதையும், கொரட்டூர் ஏரிக்குள் என்னென்ன கால்வாய் வந்து சேர்கிறது என்பதையும் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் மலைமேல் இருக்கும் மர மில்லைப் பார்க்கப் புறப்பட்டோம். வேனில் ஏறும்போது ஏழுமலையின் குரல் செய்தி வந்தது. ஏழுமலை எங்கள் ஃபோர்மேன். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிறவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் மட்டும் மூத்தது.

"அண்ணாத்தே, நல்லா கீறியா? மொதலாளி மரத்த இன்னிக்கே எட்துடச் சொல்லிட்டாரு. மத்தியானம் துன்னுட்டு ரெண்டு மணிக்கு ஏற்றாங்களாம். ஒன் வண்டிக்கு நல்ல காலம் பொறந்துச்சி போ."

நம் ஊரில் அப்போது பதினொன்றரை. அங்கே ஒன்பது. கட்டைவிரலைத் தூக்கும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, ஜன்னலோரம் சாய்ந்துகொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஏறியதும் வேன் இருமியது, புகைந்தது, நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. கெமால் வண்டியின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அதனிடம் துருக்கி மொழியில் ஏதோ பேசினார். எனக்குச் சர்க்கரை உடம்பு. மலைக்குளிர், இரண்டு டீ. நான் மரங்களுக்குள் ஒதுங்கினேன்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ஒதுங்கக் கூடாத இடம் எது என்பதற்கு அடையாளம் உண்டு. சுவரில் வரிசையாகச் சாமி படம் ஒட்டியிருப்பார்கள். எங்கள் எஸ்டேட் மதிலில் சிலுவையும் பிறையும்கூடச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள், யாரும் தப்பக் கூடாதென்று. அந்தப் பழக்கத்தில் பெரிய பைன் மரம் ஒன்றை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். எந்தப் படமும் இல்லை. அப்படியானால் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முடிக்கிற நேரத்தில் சுள்ளி முறிந்தது. தலைநிமிர்ந்தால் பூப்போட்ட முக்காடும் தொளதொளத்த கால்சட்டையுமாக, என் வயதில் ஒரு பெண்மணி. கையில் சிவப்புத் துணி சுற்றிய நீளமான எதுவோ. துணிக்குக் கீழே கோடாலியின் இரும்பு ஓரம் ஒரு விரல்கடை தெரிந்தது. அவள் என்னை நோக்கி நேராக நடந்து வந்தாள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கண் என் தலைக்கு மேலே எங்கோ நிலைத்திருந்தது.

நான் "சாரி" என்றேன். "இந்தியா" என்றேன். "சுகர் பேஷண்ட்" என்றேன். கையைத் தூக்கலாமென்றால் ஜிப் இருக்கிற நிலை அப்படி. அவள் என்னைத் தாண்டிப் போய் அந்த மரத்தின் முன்னால் நின்றாள். கோடாலியைத் துணியோடு தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். வெறும் கையை மரத்தில் வைத்து மெதுவாகப் பேசினாள். உள்ளங்கையால் மூன்று தரம் தட்டினாள். அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தாள்.

கெமால் ஓடி வந்தார். "வேலை சுலபமாக அமையட்டும்," என்று அவளைப் பார்த்துச் சொன்னார். வேலை செய்கிறவரைக் கண்டால் அங்கே அதுதான் வணக்கம். அவள் பெயர் தோனே. தஹ்தாஜி என்கிற மரவேலைக் கூட்டத்தைச் சேர்ந்தவள். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் மரம் வெட்டிப் பலகை அறுப்பவர்கள். கணவர் கீழே பள்ளத்தில் மோட்டார் ரம்பத்தோடு இருக்கிறார். மரத்திடம் சொல்வது இவள் வேலை, அறுப்பது அவர் வேலை.

"என்ன சொன்னாள் என்று கேளுங்கள்," என்றேன் கெமாலிடம்.

நாளைக்கு வருவதாகச் சொன்னாளாம். வீட்டுக்குத் தேவை இருக்கிறது, விளையாட்டுக்கு வெட்டவில்லை என்று சொன்னாளாம். கடைசியில் ஒரு வாக்கியம். அதைக் கெமால் இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்துத்தான் இங்கிலீஷாக்கினார். உனக்கு என்மேல் இருக்கிற பாத்தியதையை விட்டுக்கொடு. நெடுந்தூரம் போகிறவர்கள் கிளம்புமுன் வீட்டாரிடம் சொல்வதும், சவத்தை எடுக்குமுன் செத்தவருக்காக ஊரிடம் கேட்பதும் அதே வாக்கியம்தானாம்.

"கோடாலிக்கு எதற்குத் துணி?"

"மரத்திடம் சொல்வதற்கு முன்னால் அது இரும்பைப் பார்க்கக் கூடாது," என்றாள் தோனே, குழந்தைக்கு ஊசியைக் காட்டாதே என்கிற சாதாரணக் குரலில்.

பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். கெமால் சிரிப்பை அடக்கினார்.

"நீங்கள் செய்ததற்கு மரம் கோபித்துக்கொள்ளாதாம். ஆனால் கீழே ஊற்று இருக்கிறதாம். அடுத்த தரம் பாதைக்கு அந்தப் பக்கம் போகச் சொல்கிறாள்."

காது சூடாகிப்போய்ப் பேச்சை மாற்றப் பக்கத்து மரத்தைக் காட்டினேன். அதன் இடுப்பில் கந்தைத்துணி ஒன்று கட்டியிருந்தது. வேண்டுதலா என்று கேட்டேன். இல்லையாம். போன வாரம் அதைத் தட்டியபோது மேலேயிருந்து பறவை ஒன்று பறந்திருக்கிறது. குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். அது பறந்து போகும்வரை யாரும் தொடக் கூடாது என்பதற்கு அந்தத் துணி. மரத்தை வெட்டலாம், வீட்டை வெட்டக் கூடாது என்றாள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாள். மரப்பெட்டி என்றதும் முகம் மலர்ந்தது. நம்ம ஆள் என்று தோளில் ஓங்கித் தட்டினாள். கோடாலி பிடித்த கை.

அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். நான் சும்மா இருக்கத் தெரியாதவன். தமாஷாக இருக்குமென்று ஸ்கூட்டர் கதையைச் சொன்னேன். வெள்ளையடித்த சீட்டை, துடைக்கிற துணியை, மூன்று வருஷப் பகையை எல்லாம் நடித்தே காட்டினேன். இன்றைக்கு அந்த மரம் போகிறது என்று முடித்தேன். கெமால் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவள் முகத்தில் சிரிப்பு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"கூடு இருக்கிறதா?" என்றாள்.

"இருக்கிறது."

"குஞ்சு?"

கிளம்புகிற அன்று காலையில்கூட மரம் முழுக்கக் குஞ்சுகளின் கத்தல். காதைப் பொத்திக்கொண்டு வண்டியை எடுத்திருந்தேன். "இருக்கிறது," என்றேன்.

அவள் திட்டவில்லை. சாபம் கொடுக்கவில்லை. "அப்படியானால் போன் செய்," என்றாள்.

போனில் ஒரு கோடுகூட இல்லை. வேன் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. மேட்டின் உச்சியில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால் பேசலாம் என்று தோனே நடக்க ஆரம்பித்தாள். முன்னால் கோடாலி, பின்னால் நான், எனக்குப் பின்னால் விழுந்தால் பிடிப்பதற்குக் கெமால். தொண்ணூறு கிலோ உடம்பு. மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டரை மணி கூட்டினேன். நம் ஊரில் இரண்டு. இரண்டு பத்து. கூட்டல் தப்பாக இருக்கட்டும் என்று இன்னொரு தரம் கூட்டினேன். பள்ளிக்கூடத்தில் வராத கணக்கு அன்றைக்கு ஒரு தரமும் தப்பவில்லை.

பாறைமேல் ஏறியபோது இரண்டே முக்கால்.

ஏழுமலைக்கு ஆறு முறை அடித்தேன். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மோட்டார் ரம்பம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. ஆக, இருந்தது முதலாளி ஒருவர்தான். அவர் பழைய அம்பத்தூர்க்காரர். எஸ்டேட் வருமுன் அங்கே நெல் போட்ட குடும்பம்.

"சார், மரத்த நிறுத்தச் சொல்லுங்க சார்."

"ஏன் ரங்கா? சேம்பர்ல எதனா கோளாறா?"

"சேம்பர் நல்லா இருக்கு சார். அத ஸ்க்ராப் கொட்டகை இடத்துல வெச்சுக்கலாம். அளந்து பார்த்திருக்கேன். அங்கியும் சரியா வரும்."

"எப்ப அளந்த?"

"மொதல்லயே."

"அப்புறம் ஏன்யா மரத்த வரைஞ்சி குடுத்த?"

எதையாவது சொல்லித் தப்பிக்க எனக்கு எப்போதும் நாலு காரணம் கைவசம் இருக்கும். பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. தோனே எதிரே நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் எதிரிலேயே சரளமாகப் பொய் சொல்கிறவன் நான். அன்றைக்கு வாய் வரவில்லை.

"வண்டிமேல எச்சம் போடுது சார். அதுக்குத்தான்."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அவ்ளோ பெரிய மரத்த," என்றார் முதலாளி. "நான் கேக்கவே இல்லியே உன்ன. நீ சொன்னா சரியா இருக்கும்னு உட்டுட்டேன்," என்றார். "கேட்டுக்கு ஓடறேன். வை."

திட்டியிருந்தால் தேவலை.

பாறையில் உட்கார்ந்தேன். கெமால் தண்ணீர் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து ஏழுமலை கூப்பிட்டான். ரம்பச் சத்தம் நின்றிருந்தது. அதற்குப் பதில் வேறொரு சத்தம் கேட்டது, நூறு பறவை ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம்.

"நிறுத்தியாச்சி அண்ணாத்தே. மொதலாளி செருப்புகூட போடாம ஓடியாந்தாரு. ஆனா மேக்கால ரெண்டு பெரிய கெள எறங்கிடுச்சி. கூடெல்லாம் தரையில கீது."

"குஞ்சு?"

"நீ வந்து பாரு," என்று வைத்துவிட்டான். நக்கல் இல்லாமல் அவன் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

கெமாலிடம் சொன்னேன், அவர் தோனேயிடம் சொன்னார். அவள் முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, கீழே கணவர் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார் என்று இறங்கிப் போனாள். நாங்கள் மில்லுக்குப் போகவில்லை. ஆறிப்போன வேனில் திரும்பி வரும்போது கெமாலிடம் கேட்டேன், அந்த வாக்கியத்தை வெட்டிய பிறகு சொல்லலாமா என்று.

அவர் ஓட்டிக்கொண்டே யோசித்தார். "முன்னால்தான் சொல்வார்கள்," என்றார். "பின்னால் சொன்னால், பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?"

நான்காம் நாள் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களில் போட்டேன். அடுத்த நாள் வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே கம்பெனிக்குப் போனேன்.

மரத்தை யாரோ பாதியாகக் கிழித்த மாதிரி இருந்தது. கிழக்குப் பக்கம் பழைய குடை, மேற்குப் பக்கம் வெறும் வானம். அறுத்த இடம் இரண்டும் ஈரமாகத் தெரிந்தன. ஏழுமலை கேட்டில் நின்றிருந்தான்.

"வா அண்ணாத்தே. ஒன் சீட்டு பளபளன்னு கீது. போய் குந்து." சொன்னவன் என் முகத்தைப் பார்த்தான். "சரி, உடு. இங்க வா," என்று உள்ளே கூட்டிப்போனான்.

கீழே விழுந்தவற்றில் உயிர் இருந்ததை எல்லாம் அவன் பொறுக்கி, எங்கள் பெட்டி ஒன்றில் மரச்சீவல் பரப்பி வைத்திருந்தான். பக்கத்துத் தையல் கம்பெனிப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு நெத்திலி வாங்கிவந்து கிள்ளிக் கிள்ளி ஊட்டினார்கள். நானும் முறையில் சேர்ந்துகொண்டேன். கொக்குக் குஞ்சு பார்க்க அழகான பிராணி இல்லை. கழுத்து நீண்டு, மயிர் சிலிர்த்து, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மாதிரி முறைக்கும். விரலோடு சேர்த்துக் கொத்தும். கொத்தட்டும் என்று காட்டினேன்.

எல்லாரும் சாப்பிடப் போன ஒரு மத்தியானம் மரத்தடியில் போய் நின்றேன். அடிமரத்தில் கை வைத்தேன். தோனே சொன்ன வாக்கியம் தமிழில் எனக்கு மனப்பாடமாக இருந்தது. சொல்ல வரவில்லை. கெமால் சொன்னது சரி. வேர்மேல் கிடந்த மரத்தூளைக் கூட்டி அள்ளினேன்.

சேம்பர் வந்து சேர்ந்து, ஸ்க்ராப் கொட்டகை இருந்த இடத்தில் ஓடுகிறது. இடம் சரியாக இருக்கிறது. முதலாளி இப்போதெல்லாம் நான் எந்தப் படம் கொடுத்தாலும் டேப்பை எடுத்துக்கொண்டு அவரே வந்து ஒருமுறை அளக்கிறார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறேன்.

அன்று விழுந்தவை பதினேழு குஞ்சுகள். பன்னிரண்டு அன்றைக்கே செத்துவிட்டன. பெட்டியில் வளர்ந்த ஐந்தில் மூன்று பறந்து போயின.